தொப்பூரிலிருந்து எண்பத்தேழு கிலோமீட்டர்

நவம்பர் 4, திங்கள்

தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னது சென்னையிலிருந்து போனில் பேசிய பெனிட்டா மேடம். லாரியின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் மென்பொருளை எங்களுக்கு விற்ற கம்பெனியில், பட்டறைக்காரர்களுக்கு உதவி சொல்வது அவர் வேலை.

"ஸ்க்ரீன்ல என்ன வருதோ அதை அப்படியே எழுதி வைங்க மாதேஸ்வரன். அப்பத்தான் எங்க தப்பா, உங்க தப்பான்னு பிடிக்க முடியும்" என்றார். அதற்காக இந்த நோட்டு.

9.15: புது லேப்டாப்பில் மென்பொருளை ஏற்றினேன்.
9.40: 'இந்த லைசென்ஸ் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தது.
9.55: அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அதேதான்.

லேப்டாப்பின் உள் உறுப்புகளுக்கு இருக்கும் எண்களையெல்லாம் சேர்த்து மென்பொருள் ஓர் அடையாள எண் போட்டுக்கொள்ளுமாம். ஹார்டுவேர் ஐடி என்கிறார்கள். லைசென்ஸ் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. பழையது அவிழ்த்துவிட்டால்தான் புதியது கட்டிக்கொள்ளும்.

பழைய லேப்டாப் பழுதாகிவிட்டது. மூன்று மாதமாக ஸ்கேனர் வேலைக்கு வெளியாளைக் கூப்பிட்டுச் சமாளித்தோம். முதலாளி செங்கோடனுக்கு இந்தச் சங்ககிரிப் பட்டறை போக ஆறு லாரி சொந்தமாக இருந்தது. இப்போது ஐந்து.

மதியம் ஒரு டிப்பருக்குக் கிளட்ச் பிளேட் மாற்றினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

"பழைய லேப்டாப்பை ஆன் பண்ணி, லைசென்ஸை விடுவிச்சுடுங்க. ரெண்டு நிமிஷ வேலை" என்றார் பெனிட்டா மேடம்.

திருடு போய்விட்டது என்றேன்.

"எப்ப?"

"ஆடி மாசங்க மேடம்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னிக்குக் காலைல பத்து அம்பதுக்கு அது எங்க சர்வருக்கு வந்து போயிருக்கே. நேத்தும் பத்து அம்பது. யாரோ தினமும் ஆன் பண்றாங்க. போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களா?"

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கி வரச் சொல்லியிருந்தாள் கோகிலா. மறந்துவிட்டேன். "மூணு மாசமா உங்களுக்கு என்ன சொன்னாலும் காதுல ஏறறதில்ல" என்றாள். என் பெண்டாட்டி சும்மா எதையும் சொல்ல மாட்டாள்.

நவம்பர் 6, புதன்

ஆன்டிவைரஸை நிறுத்தினேன். வேறு நெட்டில் இணைத்தேன். அதே எரர். நாள் முழுக்க மழை.

நவம்பர் 7, வியாழன்

பெனிட்டா மேடம் சென்னையில் இருந்தபடியே என் லேப்டாப்புக்குள் நுழைந்து பார்த்தார். அம்புக்குறி தானாக அங்கும் இங்கும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"விசித்திரமா இருக்கு. உங்க புது லேப்டாப், பழசோட ஐடியைத்தான் தன்னோட ஐடின்னு சொல்லுது. ரெண்டு ஆளுக்கு ஒரே கைரேகை இருக்கற மாதிரி. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி இதுல போட்டீங்களா?"

"இல்லீங்க மேடம். அது தண்ணியில…"

"தண்ணியிலயா?"

"மழையில நனைஞ்சு போச்சுங்க."

"திருடு போச்சுன்னீங்க?"

"நனைஞ்ச பொறகு திருடு போச்சு."

பதினைந்து நாளைக்கு லைசென்ஸைத் தற்காலிகமாகத் திறந்துவிடுவதாகச் சொன்னார்.

நவம்பர் 8, வெள்ளி

ஸ்கேனர் வேலை செய்கிறது. காலையில் ஒரு பதினாறு சக்கர வண்டியைப் பார்த்தேன். டீசல் பம்ப்பில் கோளாறு, கண்டுபிடித்தாயிற்று. ரிப்போர்ட்டைச் சேமிக்கப் பட்டியலைத் திறந்தபோது அதற்கு மேலே இன்னொரு ரிப்போர்ட் இருந்தது. நான் எடுக்காதது. இன்றைய தேதி, 10.50.

வண்டி எண்ணைப் பார்த்தேன். அங்கமுத்து அண்ணன் ஓட்டிய வண்டி.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஜூலை 31-ஆம் தேதி பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்த வண்டி மலையில் மோதி நொறுங்கியது. அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டார். டிரைவர் தூங்கிவிட்டார் என்று கேஸ் முடிந்தது. வண்டியைச் சேலத்தில் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கேஸ் கட்டர் வைத்து மூன்று துண்டாக அறுத்ததை நானே நின்று பார்த்தேன்.

ரிப்போர்ட்டில் இருந்தது: பின் பிரேக் காற்றழுத்தம் குறைவு. எரர் நீக்கப்பட்டது. மெக்கானிக்: மாதேஸ்வரன். ஓடிய தூரம்: 4,12,127 கிலோமீட்டர்.

வண்டியோடு ஸ்கேனரை இணைக்கும் பெட்டிக்குள் பழைய நினைவு ஏதாவது தங்கியிருக்கும். அவ்வளவுதான்.

நவம்பர் 9, சனி

10.50-க்கு மறுபடி வந்தது. அதே வண்டி. 4,12,136.

முதலாளியின் அறையில் விபத்துக் காகிதங்கள் இருக்கும் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். மோதியபோது மீட்டர் 4,12,118-இல் நின்றிருந்ததாக வண்டியைச் சோதித்த அதிகாரி எழுதியிருக்கிறார்.

நேற்று ஒன்பது. இன்று இன்னொரு ஒன்பது.

நவம்பர் 10, ஞாயிறு

பட்டறை லீவு. லேப்டாப் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. இணைப்புப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டு வந்து, துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். எந்த ரிப்போர்ட்டுக்கும் ஒரு நகல் என் போனுக்கு மெயிலில் வரும். 10.50-க்கு வந்தது. 4,12,145.

கோகிலா கறிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

4,12,154.

பெனிட்டா மேடத்திடம், பெட்டிக்குள் இருக்கும் பழைய ரிப்போர்ட் தானாக மறுபடி மறுபடி மேலே போகுமா என்று கேட்டேன். சில சமயம் போகும் என்றார். ஆறுதலாக இருந்தது. பழைய ரிப்போர்ட்டில் கிலோமீட்டர் ஏறுமா என்று கேட்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

முதலாளிக்குக் காட்டிவிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"எதுக்குடா இதையெல்லாம் தோண்டறே?"

"நான் தோண்டலீங்க. தானா வருது."

"அழிச்சுடு."

அவர் முன்னாலேயே அழித்தேன். ஐந்து ரிப்போர்ட்டும் போய்விட்டன. அவர் இரண்டு எட்டு நடந்து மறுபடி திரும்பி வந்தார்.

"மாதேசு, அந்த லேப்டாப்பை நான் சொன்ன மாதிரிதானே பண்ணினே?"

"ஆமாங்க."

"யாரும் பார்க்கலையே?"

"இல்லீங்க."

போனவர் வாசலில் நின்று, "இன்னிக்கு எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டார். 4,12,163 என்றேன். விரல் விட்டு எண்ணினார். தொப்பூர் கணவாயிலிருந்து எங்கள் பட்டறைக்கு எழுபத்தோரு கிலோமீட்டர். லாரிக்காரரான அவருக்கு அது மனப்பாடம். இன்று நாற்பத்தைந்து ஆகியிருக்கிறது.

"ஓமலூர் தாண்டிருச்சு" என்றார்.

நவம்பர் 13, புதன்

காலையில் கல்குவாரிக்குப் போனேன். சங்ககிரி மலைக்குப் பின்னால், வேலை நின்றுபோன பழைய குவாரி. இந்த மழைக்குத் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. பச்சைத் தண்ணீர். காற்றே இல்லை.

இந்த நோட்டில் பழுது என்று எழுதினேன். போனில் திருட்டு என்றேன், பிறகு மழை என்றேன். எல்லாம் பொய். விபத்து நடந்து மூன்றாம் நாள், முதலாளி சொல்லி, லேப்டாப்பைக் கோணிப்பையில் போட்டு, இரண்டு கருங்கல்லையும் சேர்த்துக் கட்டி, இதே இடத்தில் நின்று நான்தான் வீசினேன். ஆடிப்பெருக்கு அன்று. ஊர் முழுக்கக் காவிரிக்குப் போயிருந்தது.

அண்ணன் அந்த ஆடிப்பெருக்குக்கு வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மீன்கொத்தி பாறையில் இருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. 10.50-க்குச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அதே நொடியில் அந்தப் பறவை கிளம்பிப் போய்விட்டது. தண்ணீரில் எந்தச் சலனமும் இல்லை.

4,12,172. பட்டறைக்குத் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தபோது, அழித்த ஐந்தும் பட்டியலில் திரும்ப வந்திருந்தன.

நவம்பர் 14, வியாழன்

4,12,181. நாளைக்குப் பட்டறை.

நவம்பர் 15, வெள்ளி

முதலாளி எல்லோருக்கும் லீவு விட்டுவிட்டார். என்னை மட்டும் வரச் சொன்னார். கேட்டை உள்பக்கம் பூட்டி, பூசணிக்காயில் குங்குமம் தடவிச் சுற்றி உடைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். பிறகு இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். லேப்டாப் என் மடியில் இருந்தது.

"அன்னிக்கு லோடு நின்னுக்கிட்டிருந்துச்சு மாதேசு. வால்வு வர்றதுக்கு ரெண்டு நாளாகும்னு சொன்னே. நான் என்ன பண்ணட்டும்?"

லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

"ஒரு ட்ரிப்புதானேன்னு நெனச்சேன்."

பத்து நாற்பத்தைந்துக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சத்தமெல்லாம் அடங்கினதுபோல இருந்தது. நிஜமாகவே அடங்கியதா, எனக்குத்தான் அப்படி இருந்ததா என்று தெரியவில்லை. கேட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் வெயில் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை ஒரு நிழல் மறைத்தது. ஓரத்தில் ஆரம்பித்து, லாரி நீளத்துக்கு, மெதுவாக. அது முழுதாகக் கடந்து போகிற வரைக்கும் முதலாளி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. 4,12,190.

"எழுவத்திரண்டு. ஒரு கிலோமீட்டர் தாண்டிருச்சு" என்றேன்.

முதலாளி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "போயிருச்சு பாரு. நம்மளைத் தேடி வரலை" என்று கேட்டைத் திறந்துவிட்டார். இருவரும் மெயின் ரோட்டில் புரோட்டா சாப்பிட்டோம். ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

நவம்பர் 16, சனி

4,12,199.

நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பட்டறையைத் தாண்டி எங்கே போகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் தெரிந்தது. அங்கமுத்து அண்ணன் வீடு தேவூருக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். எழுபத்தொன்றும் பதினாறும் எண்பத்தேழு.

அவர் எங்களைத் தேடி வரவே இல்லை. வீட்டுக்குப் போகிறார்.

டீயைக் குடிக்க முடியவில்லை.

ஜூலை 30 அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். பிரேக் விளக்கு எரிகிறது என்று அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். ஸ்கேனர் போட்டேன். பின் பிரேக்குக்குக் காற்று போகும் வால்வில் கோளாறு. மாற்று வால்வு கையிருப்பில் இல்லை. லைட்டை மட்டும் அணைத்து அனுப்பு என்றார் முதலாளி. 10.50-க்கு எரரை நீக்கினேன். அதோடு விட்டிருந்தால் போகிற வழியிலேயே விளக்கு மறுபடி எரிந்திருக்கும், அண்ணன் ஓரங்கட்டியிருப்பார். அது எரியவே கூடாதென்று செட்டிங்கையும் மாற்றினேன். அதை முதலாளி சொல்லவில்லை. நானாகச் செய்தேன். பாதி வழியில் போன் வந்தால் என்னைத்தானே திட்டுவார் என்று.

அண்ணன் கேபினில் ஏறி உட்கார்ந்து கேட்டார்: "சரியாயிருச்சா தம்பி?"

"சரியாயிருச்சுங்கண்ணா" என்றேன்.

இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டிய மனிதர். இறங்கி ஒரு தடவை பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். நான் சொன்னதால் பார்க்கவில்லை.

மதியம் பெனிட்டா மேடத்துக்குப் போன் செய்தேன். ஜூலை 30 ரிப்போர்ட் உங்கள் சர்வரில் இருக்குமா என்றேன். இருக்கிறது, செட்டிங் மாற்றியதும் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது என்று உடனே அனுப்பிவைத்தார். லேப்டாப்பை மூழ்கடித்தால் எல்லாம் போய்விடும் என்று நம்பியிருந்தோம்.

"இந்த மாசம் அதே வண்டிக்கு ஒன்பது ரிப்போர்ட் வந்திருக்குங்க மேடம். அதையும் அனுப்பறீங்களா?"

தேடிப் பார்த்தார். "இல்லையே மாதேஸ்வரன். அந்த வண்டிக்கு ஜூலை முப்பதுக்கு அப்புறம் எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நாளைக்கே போயிட்டு வந்துருங்க" என்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

தேவூர் தாண்டும்போது போன் அதிர்ந்தது. பைக்கை ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். 4,12,205. சரியாக எண்பத்தேழு.

ஓட்டு வீடு. பக்கத்தில் மரவள்ளிக் காடு. அண்ணனின் மனைவி பாவாயி அக்கா வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தியதும், "இப்ப நீதான் வந்தியா?" என்றார்.

"இப்பத்தாங்கக்கா வர்றேன்."

"இல்ல, செத்த முன்னால. புஸ்ஸுனு காத்து விடற சத்தம் கேட்டுச்சு. அவரு வந்தா இங்க நிறுத்தி மொதல்ல பிரேக்குக் காத்தைத்தான் விடுவாரு. அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். ஒண்ணையுங் காணோம்."

நான் யார் என்று சொன்னேன். பட்டறை மெக்கானிக் என்றதும் கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, விளக்கு, செட்டிங், அண்ணன் கேட்டது, நான் சொன்னது. ரிப்போர்ட் காகிதத்தைக் கையில் கொடுத்தேன். கிலோமீட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அழுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"அப்ப அவரு தூங்கலை" என்றார்.

"தூங்கலைங்கக்கா. பிரேக் புடிக்கலை. கீழ வண்டிக நெறைய நின்னிருக்குன்னு கேஸ் காகிதத்துலயே இருக்குங்க. அதுங்க மேல போயிரக் கூடாதுன்னுதான் மலைப் பக்கமாத் திருப்பியிருக்காரு."

"சௌமியா, இங்க வா. இந்த ஆளு சொல்றதைக் கேளு."

உள்ளேயிருந்து மகள் வந்தாள். கல்லூரியில் படிக்கும் வயது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காகிதத்தில் இருந்த 10.50 என்ற நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவாயி அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு, "வா" என்று முன்னால் நடந்தார். பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று குரல் கொடுத்தார். ஒரு பெரியவர் வெளியே வந்தார்.

"சொல்லு" என்றார் அக்கா.

சொன்னேன்.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் அவர் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. "குடிச்சிருப்பாப்ல, தூங்கியிருப்பாப்லன்னு பேசினது இந்தத் தெருதான்" என்று சௌமியா பின்னால் வந்தபடி சொன்னாள். ஆறாவது வீட்டில் ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அக்கா அவர் கையை எடுத்துவிட்டு, "இன்னும் அஞ்சு ஊடு இருக்குது" என்றார்.

பதினோரு வீடு. கடைசி வீட்டில் இருந்த அம்மாவுக்குக் காது மந்தம். மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தெருமுனைக்கு வந்ததும் அக்கா நின்றார்.

"நாளைக்குக் கேஸ் எழுதின ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியா?"

"சொல்றேங்கக்கா."

"பத்து மணிக்கு நாங்க அங்க இருப்போம். இப்பப் போ."

தண்ணீர் கூடத் தரவில்லை. தந்திருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

நவம்பர் 18, திங்கள்

காலை ஏழு மணிக்கு முதலாளி போன் செய்தார். எப்படித் தெரிந்ததோ.

"உன் பேருதான்டா அந்த ரிப்போர்ட்ல இருக்குது. நான் சொன்னதுக்கு என்ன சாட்சி? உள்ள போனா நீதான் போவே."

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

லேப்டாப்பைத் திறக்கவில்லை. போனை அணைத்து வீட்டில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். கோகிலா ஒரு மாற்றுச் சட்டையையும் துண்டையும் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஸ்டேஷனில் பாவாயி அக்காவும் சௌமியாவும் பெஞ்சின் அந்த ஓரத்தில் இருந்தார்கள். இந்த ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. முடிந்துபோன கேஸ் என்றார்கள். சௌமியா காகிதத்தை மேஜை மேல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். அதன் பிறகுதான் எழுத்தர் ஒருவர் பேனாவை எடுத்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னேன். குவாரியையும் சொன்னேன். "மூணு மாசம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு வந்தே?" என்று எழுத்தர் கேட்டார். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதை எழுதினால் மற்றதை யாரும் நம்ப மாட்டார்கள். "தாங்க முடியலைங்க" என்றேன். அதுவும் உண்மைதான்.

இந்த நோட்டையும் கேட்பார்களா என்று தெரியவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்று வீட்டுக்குப் போகலாம், கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுத்தர் முழுதையும் சத்தமாக வாசித்தார். பாவாயி அக்கா எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டார். 'ஓட்டுநர் சரியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, சரியாகிவிட்டது என்று நான் கூறினேன்' என்ற இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை இன்னொருக்கா வாசிங்க" என்றார்.

எழுத்தர் வாசித்தார். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார்.